கேம்களில் உங்களுக்கு மறக்காத பெண் யார்? அவளாக இருந்து என்ன வேலை செய்தீர்கள்?

செக்காலை மீனா

அப்பத்தா வீட்டு இரண்டாம் கட்டில் இருந்த பீரோவைப் போன வாரம் ஒழித்தோம். கண்டாங்கிச் சேலைகளுக்கு அடியில் ஒரு சிடி உறை கிடந்தது. மேலே ஸ்கெட்ச் பேனாவில் அண்ணன் பெயர், உள்ளே டூம் ரெய்டர் கேமின் இரண்டாம் பாகம். கம்ப்யூட்டர் அண்ணனுக்கென்று வாங்கியது, சிடியும் அவனுக்கென்று வாங்கியது. ஆனால் அவன் கிரிக்கெட்டுக்குப் போன மாலைகளில் எல்லாம் அதன் நாயகி லாராவோடு இருந்தவள் நான். கடைசிக் கட்டம் வரை போனவளும் நான்தான்.

லாரா கிராஃப்ட் என்றாலே அவள் தோற்றத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அவள் பின்னால் எடுத்து வைக்கும் ஒரு அடி. பள்ளத்தைத் தாண்ட வேண்டும் என்றால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே மெதுவாக விளிம்பு வரை நடக்க வேண்டும். ஷிஃப்ட் அழுத்தியிருக்கும் வரை அவள் விழமாட்டாள். விளிம்பில் நின்றதும் பின் அம்புக்குறியை ஒரே ஒரு தட்டு. ஒரு துள்ளலில் பின்னே போவாள். ஓடித் தாண்டத் தேவையான இடம் மிகச் சரியாக அவ்வளவுதான். அப்புறம் முன் அம்புக்குறி, ஆல்ட். அந்தரத்தில் இருக்கும்போதே கண்ட்ரோலை விடாமல் பிடித்தால் எதிர் விளிம்பைக் கை பற்றிக்கொள்ளும். கண்ட்ரோலை அரை விநாடி தாமதமாக அழுத்தினாலும் போச்சு.

இத்தனை வருஷம் கழித்தும், முற்றத்தில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றால் தாண்டுவதற்கு முன் என் கால் ஒரு அடி பின்னால் போகிறது.

சினிமாவில் ஒருத்தியைப் பார்க்கிறோம். கேமில் அவளுடைய வேலையை நம் கையால் செய்கிறோம். அதனால்தான் தலைப்பில் அப்படிக் கேட்டேன். "அழகு", "தைரியம்" என்று மட்டும் எழுதாமல், அவளாக இருந்தபோது உங்கள் விரல் என்ன செய்தது என்று எழுதுங்கள். அந்த கேமைச் செய்தது ஒரு பெண் என்று தெரிந்தால் அவர் பெயரையும் கட்டாயம் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் இதைப் படிப்பார்கள்.

ஆத்தங்குடியான்

மீனா, அந்த இரண்டாம் பாகத்தில் லாராவின் வீட்டை விட்டுவிட்டீர்களே! நான் கேமை விளையாடியதை விட அந்த வீட்டுக்குள் சுற்றியதுதான் அதிகம். கூடம் கூடமாகப் போய்க்கொண்டே இருக்கும். தேநீர்த் தட்டு கடகடவென்று ஆட, வயதான பட்லர் வின்ஸ்டன் பின்னாலேயே வருவார். அவரைக் குளிர் அறைக்குள் போகவிட்டுக் கதவைச் சாத்தாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. எங்கள் ஐயா வீட்டிலும் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நடக்க நடக்க வீடு வரும். அதனால் லாரா எனக்கு வெளிநாட்டுக்காரியாகவே தெரியவில்லை. பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பக்கத்து ஊர்ப் பெண் மாதிரிதான் இருந்தாள்.

தோற்றத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளை உருவாக்கியவர் டோபி கார்ட். 1996-இல் முதல் பாகம் வந்தது. விளம்பரங்களில் அவளைக் காட்டிய விதம் அவருக்கே ஒப்பவில்லை. 1997-இல் அந்த கேமைச் செய்த கம்பெனியை விட்டு விலகிவிட்டார். 2013-இல் லாராவின் கதையைப் புதிதாக எழுதியபோது தலைமை எழுத்தாளராக இருந்தவர் ரியானா பிராட்செட். அதில் முதல் முறையாக ஒரு மனிதனைச் சுட நேரும்போது லாராவின் கை நடுங்குகிறது. பழைய லாராவுக்கு அந்த நடுக்கம் கிடையாது. எனக்கு இரண்டு பேருமே வேண்டும்.

அப்புறம் 'மெட்ராய்ட்' என்ற கேம், 1986. கவசத்துக்குள் இருப்பது ஆண் என்று நினைத்து முழு கேமையும் ஆடி முடிப்போம். கடைசியில் தலைக்கவசம் கழன்றால் சேமஸ் அரன் ஒரு பெண். அன்றைக்கு எத்தனை பையன்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள்! ஆனால் ஒரு வருத்தம் உண்டு. எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு உடை குறைந்து நிற்பாள், அதுதான் நமக்குப் பரிசு. அவ்வளவு தூரம் அவளாக இருந்து சண்டை போட்டவனுக்கு அது அவமானமாகத்தான் இருக்கிறது.

புதுவயல் சேது

நான் மாற்றுக்கருத்து சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். விளையாடும்போது எனக்கு முன்னால் இருப்பது துப்பாக்கி, சுவர், எதிரி. கையில் இருப்பது ஆணா பெண்ணா என்று நான் பார்த்ததே இல்லை. செய்தவர் யார் என்றும் தேடியதில்லை. பால் பணியாரம் நன்றாக இருந்தால் சாப்பிடுகிறோம், ஊற்றியது யார் என்று கேட்பதில்லையே. கேம் நன்றாக இருக்கிறதா, அது போதாதா?

தேவகோட்டை தெய்வானை

சேது தம்பி, பணியாரம் ஊற்றியவரைக் கேட்காமல் சாப்பிடுவது நம் வீடுகளில் ரொம்ப காலமாக நடப்பதுதான். அதையே ஒரு காரணமாகச் சொல்லாதீர்கள்.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கேம் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் பிடித்தது பேரன் புண்ணியத்தில், அதுவும் அறுபதைத் தாண்டிய பிறகு. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. கதை எழுதி வடிவமைத்த முதல் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ஒன்றைச் செய்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. பெயர் மேபல் ஆடிஸ். 1964. நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட்செஸ்டர் என்ற பகுதியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதியது. பெயர் 'சுமேரியன் கேம்'. திரை கிடையாது. ஐபிஎம் பெருங்கணினியோடு இணைத்த தட்டச்சு முனையம் கேள்வியைக் காகிதத்தில் அடித்துத் தரும், பிள்ளை பதிலைத் தட்டச்சு செய்ய வேண்டும்.

பிள்ளைதான் லகாஷ் நகரத்தின் அரசன். அறுவடை இவ்வளவு, களஞ்சியத்தில் இருப்பு இவ்வளவு, வாய்கள் இத்தனை. சாப்பாட்டுக்கு எவ்வளவு கொடுப்பாய், விதைக்கு எவ்வளவு எடுத்து வைப்பாய், மிச்சம் எவ்வளவு? அதிகம் கொடுத்தால் விதை இல்லை, குறைத்தால் ஜனம் பட்டினி. நடுவில் வெள்ளமோ தீயோ வந்து இருப்பைக் கெடுக்கும். 'ஹம்முராபி' என்ற பெயரில் பின்னால் ஊரெல்லாம் பரவிய விளையாட்டுக்கும், இன்றைக்கு என் பேரன் ராஜ்ஜியம் கட்டி ஆளும் எல்லா விளையாட்டுக்கும் அது மூதாதை. நிரலை எழுதியவர் வில்லியம் மெக்கே. எந்தக் கேள்வி, எந்த வரிசையில், எந்தச் சொல்லில் என்று தீர்மானித்தவர் அந்த ஆசிரியை.

இதைப் படித்த அன்றைக்கு எனக்கு எங்கள் ஆயாவின் சாமான் அறை ஞாபகம் வந்தது. ஐயா பினாங்கில் இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். மூன்றாம் கட்டில் இருந்த அறையின் சாவி ஆயாவின் இடுப்பில். நெல் குதிருக்குள் ஒரு மூங்கில் குச்சி நிற்கும். அதில் கத்தியால் கீறிய கோடுகள் இருக்கும். குச்சியை உருவிப் பார்த்து, "மாசி வரைக்கும் வரும்" என்பார். அதில் விதை நெல் கணக்கு தனி. கல்யாணத்துக்கு ஒதுக்கியது தனி. பள்ளிக்கூடம் போகாத மனுஷி ஒரு தடவையும் தவறவில்லை.

நான் வேலையில் இருந்த கடைசி வருஷம், மேபல் ஆடிஸின் கணக்கைக் கரும்பலகையில் எழுதி என் ஆறாம் வகுப்புக்கு விளையாட்டாகக் கொடுத்தேன். முதல் சுற்றில் பையன்கள் நாலு பேர் ஊரையே பட்டினி போட்டுவிட்டார்கள். விதையைத் தொடாமல் காப்பாற்றியது ஒரு பெண்பிள்ளை. வீட்டில் ரேஷன் அரிசியை மாதம் முழுக்க இழுத்துப் பிடிப்பது அவள்தான் என்று அப்புறம் சொன்னாள்.

இப்போது சொல்லுங்கள், யார் செய்தது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

கண்டனூர் நிரலாளன்

டீச்சரின் பதிவைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை. நானும் ஒரு பெயர் கொண்டு வருகிறேன்: கேரல் ஷா.

1982-இல் அடாரி 2600 என்ற கேம் பெட்டிக்கு ஆக்டிவிஷன் வெளியிட்ட 'ரிவர் ரெய்டு' அவர் எழுதியது. மேலிருந்து பார்க்கும் ஆறு, அதன் மேல் பறக்கும் விமானம். கரை நெருங்கும், விரியும், நடுவில் தீவு வந்து ஆறு இரண்டாகப் பிரியும். எரிபொருள் குறைந்துகொண்டே இருக்கும். ஆற்றில் எரிபொருள் கிடங்கு வரும்போது அதன் மேலே மெதுவாகப் பறந்தால் தொட்டி நிரம்பும், சுட்டால் புள்ளி கிடைக்கும். இரண்டில் ஒன்றுதான். புள்ளிக்கு ஆசைப்பட்டுச் சுட்டுவிட்டு அடுத்த கிடங்கு வருவதற்குள் வறண்டு விழுந்தவர்களில் நானும் ஒருவன்.

என்னை அசத்தியது வேறு. அந்த மொத்த கேமும் 4 கிலோபைட். அதாவது 4096 பைட். கணினியில் ஒரு தமிழ்க் குறியீட்டைச் சேமிக்கவே 3 பைட் வேண்டும். நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பதிவு கூட அதில் அடங்காது. அதற்குள் விமானம், பாலம், கப்பல், ஒலி எல்லாம் போக, நீண்டுகொண்டே போகும் ஒரு ஆற்றை எங்கே வைப்பது?

அவர் ஆற்றை வைக்கவே இல்லை. ஆற்றைப் போடும் விதியை மட்டும் வைத்தார். ஒரு தொடக்க எண், அதிலிருந்து அடுத்த எண்ணைப் பிறப்பிக்கும் ஒரு சிறிய கணக்கு. அந்த எண்கள் கரை எங்கே வளையும், எதிரி எங்கே நிற்கும் என்று சொல்லிக்கொண்டே போகும். தொடக்க எண் ஒன்றே என்பதால் ஒவ்வொரு முறையும் அதே ஆறுதான் வரும், அதனால் ஆடி ஆடி வளைவுகளை மனப்பாடம் செய்யலாம்.

என் மனைவிக்கு இதை விளக்கினேன். பொங்கலுக்கு நடுவீட்டுக் கோலம் போடுகிறவள். "நாங்க மட்டும் என்ன, கோலத்தை மனசுல படமாவா வச்சிருக்கோம்? எங்க ஆரம்பிக்கணும், எப்படித் திரும்பணும்னுதான் வச்சிருக்கோம், கை தானா போகும்" என்றாள். பதினைந்து வருஷமாக நிரல் எழுதுகிறேன். இதை இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

இன்னொன்று. 1981-இல் வந்த, கடையில் காசு போட்டு ஆடும் 'சென்டிபீட்' ஆர்கேட் கேமை எட் லாக்குடன் சேர்ந்து செய்தவர் டோனா பெய்லி. காளானுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் பூரானைச் சுட வேண்டும். அதன் வெளிர் நிறங்களைப் பார்த்தாலே மற்ற பெட்டிகளிலிருந்து தனியாகத் தெரியும்.

ஆத்தங்குடியான்

பெயர் வரிசையில் நானும் ஒன்று சேர்க்கிறேன். நம் ஊர் பிரௌசிங் சென்டரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டாம் பாகம் ஆடியவர்கள் அனைவருக்கும் கைல் என்ற வீரனின் மேடை இசை இன்றும் காதில் இருக்கும். 1991-இல் அதை அமைத்தவர் யோக்கோ ஷிமோமுரா. அந்த கேமின் பெரும்பாலான இசை அவருடையது. தேர்ந்தெடுக்கக்கூடிய எட்டு வீரர்களில் ஒரே பெண் சுன்லி. பொத்தானைப் படபடவென்று தட்டினால் கால் மின்னல் மாதிரி பறக்கும். பையன்கள் எல்லாரும் முதலில் ரியூவைத்தான் எடுப்பார்கள். தோற்க ஆரம்பித்த பிறகு சத்தம் போடாமல் சுன்லிக்கு மாறுவார்கள்.

செக்காலை மீனா

அந்த பிரௌசிங் சென்டர்களுக்குள் எங்களை விட்டார்களா என்று கேளுங்கள். பள்ளிக்கூட நாட்களில் ஒரு தடவை நானும் என் தோழியும் காசைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றோம். "ரயில் டிக்கெட்டா, ரிசல்ட்டா?" என்று கேட்டார் அங்கே இருந்தவர். கேம் விளையாட என்றதும் உள்ளே இருந்த அத்தனை தலையும் திரும்பியது. ரிசல்ட் பார்க்க என்று மாற்றிச் சொல்லிவிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து பத்து நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். கொடுத்த காசு அரை மணிக்கு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புதுவயல் சேது

மீனா அக்கா, அந்தத் தலைகளில் ஒன்று என்னுடையதாகவும் இருந்திருக்கலாம். மன்னிக்க வேண்டும்.

டீச்சரும் நிரலாளனும் எழுதியதைப் படித்தபின் நேற்று முழுக்க யோசித்தேன். யாரையும் நான் கவனித்ததில்லை என்று எழுதியது உண்மை இல்லை. ஒருத்தி இருக்கிறாள். செனுவா.

'ஹெல்பிளேட்', 2017. இறந்துபோன காதலனின் உயிரைத் தேடி நரகத்துக்குள் நடக்கும் பெண். அவளுக்குக் குரல்கள் கேட்கும். ஹெட்போன் போட்டு விளையாடச் சொல்வார்கள். போட்டால் குரல்கள் உங்கள் இடது காதுக்குப் பின்னால், வலது தோளுக்கு மேல் வந்து முணுமுணுக்கும். "திரும்பிப் போ", "அவளால் முடியாது", "பின்னால் பார்". இதில் விஷயம் என்னவென்றால், சண்டையில் அந்தக் குரல்களே உதவவும் செய்யும். முதுகுப் பக்கம் எதிரி வாளை ஓங்கும்போது ஒரு குரல் பதறும். அதைக் கேட்டு விலகித் தப்பிக்க வேண்டும். வெறுத்து ஒதுக்கவும் முடியாது, நம்பவும் முடியாது. அந்த நிலையை என் விரல் புரிந்துகொண்டது.

எங்கள் சித்தப்பா ஒருவருக்குக் குரல் கேட்கும். சின்ன வயதில் அவர் தனியாகப் பேசுவதைப் பார்த்து நாங்கள் ஓடுவோம். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், வைத்தியம் பார்க்க ரொம்ப காலம் ஆனது. செனுவாவாக எட்டு மணி நேரம் இருந்த பிறகுதான், அவர் ஏன் பேச்சின் நடுவில் தலையை ஒரு பக்கமாகத் திருப்புவார் என்று எனக்குத் தோன்றியது. போன தீபாவளிக்குப் போய் அவர் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

செனுவாவாக நடித்த மெலினா யுர்கென்ஸ் நடிகையே இல்லை. கேமைச் செய்த ஸ்டுடியோவில் வீடியோ எடிட்டர். சோதனைக்காகக் கேமரா முன்னால் நிறுத்தினார்கள், கடைசியில் அவரே செய்துவிட்டார். 2018-இல் அந்த நடிப்புக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பால் ஃபிளெட்சர் என்ற மனநல அறிஞரும், மனநோயை அனுபவித்தவர்களும் சொல்லச் சொல்லச் செய்தது.

செய்தவரைத் தேடிப் போனேன் பாருங்கள். டீச்சருக்கு நன்றி.

கோட்டையூர் உமா

நான் இப்போது சிங்கப்பூரில். இந்த இழையில் 'வெண்பா' இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

2023-இல் டொரான்டோவில் உள்ள விசை கேம்ஸ் வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து எண்பதுகளில் கனடாவுக்குப் போன ஒரு தம்பதி, வெண்பாவும் பாவலனும். அவர்களுக்கு கவின் என்று ஒரு மகன். அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கும். காணாமல் போன வரியை நாம் யோசித்து நிரப்பிச் சமைக்க வேண்டும். முதலில் வருவது இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். நமக்கு அது புதிரே இல்லை, கை தானாக அடுக்கிவிடும். என் அலுவலகத் தோழி, சீனப் பெண், மூன்று தடவை தப்பாக அடுக்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா! உலகத்தில் ஒரு கேமில் என் அம்மாவுக்குத் தெரிந்ததே சரியான விடை.

வளர்ந்த மகனுக்கு அம்மாவின் பேச்சு பாதி புரியாமல் போகும் இடத்தில் விளையாடுவதை நிறுத்திவிட்டு ஊருக்கு போன் போட்டேன். என் மகனும் ஆயாவிடம் "ம்", "சரி" தவிர வேறு பேசுவதில்லை. அவனையே உட்காரவைத்து விளையாட விட்டேன். புட்டுக் குழாய் என்றால் என்ன என்று கேட்டான். அடுத்த லீவுக்கு ஆயா வீட்டில் காட்டுகிறேன் என்றேன்.

இதை இயக்கியது அபி என்ற ஆண். செய்தது பெண்ணா என்பது மட்டும் அளவுகோல் ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன். தன் அம்மாக்களின் கையை உற்றுப் பார்த்த ஒருவர் செய்தது. 2024-இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்று குறை சொல்கிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை.

புனேயில் செய்த 'ராஜி', 2020, அதையும் ஆடிப் பாருங்கள். தம்பியைத் தேடிப் போகும் கழைக்கூத்தாடிப் பெண். தூணில் ஏறிச் சுழன்று அடிப்பது நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு மனதில் ஒட்டியது சுவர் ஓவியங்கள்தான், அவள் இல்லை.

பள்ளத்தூர் பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் கல்லூரியில் கடைசி வருஷம், கணினி அறிவியல்.

எனக்கு மறக்காதவள் 'போர்ட்டல்' கேமில் வரும் செல் என்ற பெண். 2007-இல் வந்தது, நான் ஆடியது ரொம்பத் தாமதமாக. நம் கண் வழியாகவே விளையாடுவதால் நாம் யார் என்று முதலில் தெரியாது. சுவரில் ஒரு துளை, எதிர்ச் சுவரில் ஒரு துளை போட்டு ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வருவோம். இரண்டு துளையும் பக்கவாட்டில் அமையும்போது, துளை வழியாக யாரோ ஒரு பெண் ஓடுவது தெரிந்தது. நான் நின்றேன், அவளும் நின்றாள். அது நான்! யாரும் அறிமுகம் செய்யவில்லை, அவள் கடைசி வரை ஒரு வார்த்தை பேசவுமில்லை. எதிரியும் ஒரு பெண் குரல்தான். கிளாடோஸ் என்ற இயந்திரம், அன்பாகப் பேசிக்கொண்டே நம்மைக் கொல்லப் பார்க்கும்.

அதன் வடிவமைப்பை முன்னின்று நடத்தியவர் கிம் ஸ்விஃப்ட். அவரும் நண்பர்களும் கல்லூரி மாணவர்களாக இருந்தபோது செய்த 'நார்பாகுலர் டிராப்' என்ற சின்ன கேம்தான் இதற்கு விதை. அதில் வரும் இளவரசிக்குக் குதிக்கவே தெரியாது. அதனால்தான் துளை போட்டு இடம் மாற வேண்டியிருந்தது. அதைப் பார்த்த வால்வ் நிறுவனம் மொத்தக் குழுவையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கல்லூரி புராஜெக்டில் இவ்வளவு தூரம் போகலாம் என்று எனக்குச் சொன்னது அந்தக் கதை.

போன வருஷம் ஓரிடத்தில் பயிற்சிக்குப் போனேன். கேம் செய்ய வேண்டும் என்றதும், "பொண்ணுங்க ஆர்ட் பக்கம் போங்க, கலர் சென்ஸ் இருக்கும்" என்றார்கள். எனக்கு வரையவே வராது. நிரல்தான் வரும். மூன்று வாரம் நிறம் தீட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது என் புராஜெக்ட் பல்லாங்குழி. கேம் செய்வதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் கோடோ என்ஜின் என்ற மென்பொருளில் செய்கிறேன். பழைய பதிப்பில் தமிழ் எழுத்து உடைந்து வந்தது. "கொ" என்று கொடுத்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் தனித்தனியாக நிற்கும். நாலாம் பதிப்புக்கு மாறியதும் சரியாகிவிட்டது. இரண்டு நாள் அழுதிருக்கிறேன் இதற்கு.

பிரச்சினை விதிகளில். இணையத்தில் பத்து இடத்தில் பத்து மாதிரி எழுதியிருக்கிறார்கள். எங்கள் அப்பத்தா சொல்வது வேறு. எனக்கு நம் பக்கத்து வீடுகளில் பெண்கள் ஆடிய விதி வேண்டும். மீனா ஆச்சி, டீச்சர், யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

செக்காலை மீனா

என் கண்ணே, வரையச் சொன்ன இடத்தை விட்டு வந்தது சரி.

விதிக்கு டீச்சர் வரட்டும். அதற்கு முன் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மார்ட்டினிக் தீவில் பிறந்த மியூரியல் திராமிஸ் என்ற பெண்மணி 1987-இல் 'மேவிலோ' என்று ஒரு கேமும், அடுத்த வருஷம் 'ஃப்ரீடம்' என்று ஒன்றும் செய்தார். இரண்டாவதில் நாம் கரும்புத் தோட்டத்து அடிமை. ஒரே இரவுக்குள் மற்றவர்களைத் திரட்டிக் கிளர்ச்சி செய்ய வேண்டும். யார் நம்மோடு வருவார், யார் காட்டிக்கொடுப்பார் என்று ஆளைப் படிக்க வேண்டும். தன் ஊர் மண்ணில் நடந்ததை அப்படியே விளையாட்டாக்கியிருக்கிறார். 2018-இல் பிரான்ஸ் அரசு அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருது கொடுத்தது.

நம் ஊரை வைத்து கேம் செய்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால், கப்பலேறி ரங்கூன் போய் வட்டிக்கடை வைத்த செட்டியாரைத்தான் நாயகனாக வைப்பார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது டீச்சரின் ஆயாவை. இடுப்பில் சாவி. குதிருக்குள் மூங்கில் குச்சி. மூன்று மாதம் தாமதமாக வரும் கடிதம். மழை பிந்துகிறது, மகளுக்குக் கல்யாணப் பேச்சு முடிந்துவிட்டது, ஓடு மாற்றக் கொத்தனார் காத்திருக்கிறார். 1941-இல் கடிதம் நின்றுபோகிறது, ஏனென்று தெரியாது. ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்துவிட்டான் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். இனி பணம் வருமா வராதா என்று தெரியாமல் விதை நெல்லைத் தொடுவதா வேண்டாமா? நான் அதை ஆட வேண்டும். அந்தக் குச்சியை என் விரலால் உருவிப் பார்க்க வேண்டும்.

கண்டனூர் நிரலாளன்

மீனா, இதற்கு நிரல் நான் எழுதுகிறேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நேற்று இரவே குதிருக்கும் கடிதத்துக்கும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். கடிதம் எப்போது வரும் என்பதைத் தற்செயலுக்கு விட்டு, அறுவடையை மட்டும் மாதக் கணக்கில் நடத்தினால் போதும் என்று நினைக்கிறேன். ஆனால் கேள்விகளை எழுத வேண்டியது டீச்சர்.

தேவகோட்டை தெய்வானை

எழுதுகிறேன். ஆயாவைக் கேட்க முடியாது, என் அக்காவுக்கு நிறைய ஞாபகம் இருக்கிறது.

முதலில் அந்தப் பிள்ளைக்கு விதி. எங்கள் வீட்டில் ஆடியது இது. பதினாலு குழி, ஆளுக்கு ஏழு. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. உன் பக்கத்தில் ஏதாவது ஒரு குழியை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வா. கை காலியானதும் அதற்கு அடுத்த குழியை அள்ளித் தொடர்ந்து போடு. அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள். உன் ஆட்டம் முடிந்தது. நடுவில் எந்தக் குழியிலாவது நாலு சேர்ந்தால் அது பசு. யார் பக்கத்துக் குழியோ அவர் உடனே எடுத்துக்கொள்ளலாம். கவனிக்காமல் விட்டால் அதன் மேல் ஐந்தாவது விழுந்துவிடும், போனது போனதுதான்.

இந்தக் கடைசி விதியை விட்டுவிடாதே. கம்ப்யூட்டர் தானாகப் பசுவை எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஆயாவின் கண் எப்போதும் எதிராளி கையில்தான் இருக்கும். நாம் கதை பேசினால் பசுவை விட்டுவிடுவோம். அவர் கதை பேசிக்கொண்டே எடுத்துவிடுவார்.

பள்ளத்தூர் பேத்தி

டீச்சர்! பசு விழுந்ததும் தானாகச் சேரும்படிதான் எழுதி வைத்திருந்தேன். அதனால்தான் ஆட்டம் சப்பென்று இருந்திருக்கிறது. இப்போது மாற்றிவிட்டேன். நாலு சேர்ந்த குழியை ஒரு விநாடிக்குள் தொட்டால்தான் கிடைக்கும். அப்பத்தாவிடம் போனைக் கொடுத்தேன். முதல் ஆட்டத்திலேயே என் பசுக்கள் மூன்றை நான் தவறவிட்டேன், அவர் ஒன்றையும் விடவில்லை.

ஆனால் அவர் சொல்கிறார், குழிக்கு ஆறு கொட்டை, ஐந்து கிடையாது என்று.

கோட்டையூர் உமா

எங்கள் வீட்டிலும் ஆறுதான்.

தேவகோட்டை தெய்வானை

தேவகோட்டையில் ஐந்து. அக்காவிடமும் கேட்டுவிட்டேன்.

செக்காலை மீனா

பேத்தி, இரண்டையும் வை. ஆட்டம் தொடங்கும் முன் "உங்கள் வீட்டில் எத்தனை?" என்று கேட்டுவிட்டு ஆரம்பி. சனிக்கிழமை மத்தியானம் பள்ளத்தூர் வருகிறேன், அப்பத்தாவிடம் சொல்லிவை. பீரோவை ஒழித்தபோது சிடியோடு எங்கள் பழைய பலகையும் கிடைத்தது, தூக்கிக்கொண்டு வருகிறேன். கொட்டை விழும் சத்தத்தை அதில் பதிவு செய்துகொள்.